முகமும் பெயரும்

இல்லறத்தான் பேணவேண்டியவர்களைக் கூறப் புகுந்த திருவள்ளுவப் பெருந்தகை, தென்புலத்தாரை முதலில் வைத்துத் தெய்வத்தை அதற்கு அடுத்ததாகவே வைத்தார். தெய்வத்துக்கும் முன்னே இறந்துபோன மூதாதையருக்கு இடம் கொடுத்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எளிய காரணம் ஒன்று உண்டு. ஒருவன் தெய்வத்தை மறந்தாலும் ஆலயத்தில் மணி அடிக்கும், ஊரார் வந்து வணங்குவர், பூசை நில்லாது. அவன் தன் பாட்டனை மறந்துவிட்டாலோ அந்தப் பாட்டனை நினைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

நமது பகுதி வீடுகளில் முன்னறைச் சுவரைப் பார்த்தால் மறைந்தவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். கண்ணாடியின் மீது சந்தனப் பொட்டும் குங்குமமும், மேலே ஒரு பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பு நிற மின்குமிழ். திதி நாளில் அந்தப் படத்தைக் கீழே இறக்கித் துடைத்து, வாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். தீபாவளிக்கு முன்னோரை அழைத்துப் படையல் போடும் வழக்கமும் தோட்டப்புறங்களில் உண்டு. சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. இதில் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. அன்பு நிறைந்த வழக்கம் அது.

ஆனால் திதி கொடுக்க ஆற்றங்கரைக்கோ ஆலயத்துக்கோ போகும்போது நிலைமை வேறு. குருக்கள் படத்தைக் கேட்பதில்லை. பெயரைக் கேட்கிறார். தந்தை பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர். அவ்வாறே தாய், பாட்டி, பூட்டி பெயர். தந்தை பெயரைச் சத்தமாகச் சொன்னவர் பாட்டன் பெயரில் குரலைத் தாழ்த்துகிறார். பூட்டன் பெயர் வரும்போது பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார். சித்தப்பா மேலே வானத்தைப் பார்க்கிறார். பாட்டியின் பெயரோ பெரும்பாலும் யாருக்குமே தெரியாது. அவர் எல்லோருக்கும் 'அப்பாயி', அல்லது 'பெரிய ஆத்தா'. கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லிக் குருக்கள் சமாளித்துவிடுவார். பெயருக்கு அப்படி ஒரு பொதுப் பெயர் இல்லை.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவரை நினைவில் வைத்திருப்பது என்றால் எதை வைத்திருப்பது? முகத்தையா, பெயரையா? படம் முகத்தைத் தருகிறது, பெயரைச் சொல்வதில்லை. கிரியை பெயரைக் கேட்கிறது, முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்க வேண்டியவை. நடைமுறையில் படம் வந்த பிறகு பெயர் மெல்ல நழுவத் தொடங்கிவிட்டது.

இக்கேள்விக்கு உரைகல்லாக ஒரு புகைப்படக் கலைஞரின் வாழ்க்கையை எடுத்து நோக்கலாம். அவர் இந்துவும் அல்லர், தமிழரும் அல்லர். ஆயினும் நமது மலைநாட்டு மண்ணிலேயே அடக்கமானவர். ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர். பாடசாலையில் வரலாறு படித்தவர்களுக்குக் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு நினைவிருக்கும். கண்டி இராச்சியப் பகுதிகளையும் கரையோரப் பகுதிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, 1833இல் நாட்டை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கக் காரணமான ஆணைக்குழு அது. அந்தக் கமரனின் மனைவிதான் இவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

1863ஆம் ஆண்டு டிசம்பரில், அம்மையாருக்கு நாற்பத்தெட்டு வயதாக இருக்கும்போது, தனிமையில் இருக்கும் தாய்க்குப் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமெராவைப் பரிசளித்தனர். பேரப்பிள்ளை பார்க்கும் வயதில் கிடைத்த அந்தப் பெட்டியை அவர் விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. கரி போடும் அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் கூடமாக்கினார். அக்காலத்தில் படம் பிடிப்பது இப்போது கைத்தொலைபேசியில் விரலை வைப்பது போன்றது அன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் கமெராவில் வைத்து, எதிரில் இருப்பவரைப் பல நிமிடங்கள் அசையாமல் இருக்கச் செய்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். டெனிசன் என்ற கவிஞர், டார்வின், ஹேர்ஷல் போன்ற அறிஞர்கள் எல்லாம் அவர் முன் அப்படி உட்கார்ந்தவர்கள். தம் வீட்டுப் பணிப்பெண்ணையும் அவர் பலமுறை தேவமாதா வேடத்தில் படம் பிடித்தார். மேரி ஹில்லியர் என்ற அந்தப் பெண்ணின் பெயரும் இன்றுவரை நிற்கிறது.

1864 ஜனவரியில் அவருக்கு முதன்முதலாக மனநிறைவு தந்த படம் அயலில் வந்திருந்த ஒரு சிறுமியின் படம். அதன் கீழே 'ஆனி, எனது முதல் வெற்றி' என்ற கருத்தில் தம் கைப்படவே எழுதி வைத்தார். அந்தச் சிறுமி பெரிய மனுஷி அல்ல. அரசி அல்ல. ஆனாலும் நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவள் ஆனிதான். யாரோ ஒரு பிள்ளை ஆகிவிடவில்லை. ஒரு வரி எழுதியதன் பலன் இது.

கமெராவைக் கொடுத்த மகள் 1873இல் காலமானார். மறு ஆண்டு அம்மையார் தமது புகைப்பட வாழ்க்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். முடிக்காமலே விட்டுவிட்ட அந்தச் சிறு வரலாறு அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1889இல் அச்சானது. தொழில் அனுபவங்களைச் சொல்வதாகத்தான் அது தொடங்குகிறது. ஆனால் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, மகள் கொடுத்த பரிசைப் பற்றி எழுதுகிறாள் என்பதை அறிந்து வாசிப்பவருக்கு அது ஒரு திதியைப் போலவே தோன்றும். அதற்கு முன்பு 1872இல் அவர்கள் வளர்த்த சிறுமி அடலின் இறந்தபோது, கட்டிலில் கிடந்த அந்த உடலையும் அவர் படம் பிடித்தார். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் கண்டிப் பகுதிச் சாவு வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகளும் பேரர்களும் நின்று, ஸ்டூடியோக்காரரை அழைத்துப் படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காத தகப்பனுக்கு அதுவே முதற்படமும் கடைசிப் படமுமாக அமைந்த வீடுகள் எத்தனையோ. அப்படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். நிற்பவர்கள் யார் என்பது இராது. எழுபதுகளிலே எடுத்த படத்தில் நிற்கும் பத்துப் பேரில் ஐந்து பேரை அடையாளம் காட்டவே இன்று ஆள் இல்லை.

1875இல் கமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே வந்து சேர்ந்தனர். களுத்துறையிலும் பின்னர் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலும் பிள்ளைகளோடு வாழ்ந்தனர். இங்கே அம்மையார் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை தோட்டங்களில் வேலை செய்த மக்களின் படங்கள். தலையை நிமிர்த்தி, நேராகக் கமெராவைப் பார்க்கும் முகங்கள். இழிவாகவோ வேடிக்கையாகவோ அவர் அவர்களைக் காட்டவில்லை. டார்வினைப் பார்த்த அதே கண்ணால்தான் பார்த்தார் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த நேர்மையை மறுப்பது நன்றிகேடாகும்.

ஆனால் அவர்களின் பெயரை எழுதவில்லை.

அக்காலத்தில் அவரைக் களுத்துறையில் வந்து பார்த்த மரியான் நோர்த் என்ற ஓவியர், தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி சொல்கிறார். கமரன் அம்மையார் இங்குள்ள மக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மனிதனின் முதுகைக் கண்டு, அதன் அழகில் மயங்கி, அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்தே தீர வேண்டும் என்று மகனை வற்புறுத்தினாராம். அவர்களிடம் பூந்தோட்டமே இருக்கவில்லை. தோட்டக்காரன் என்றால் என்ன என்பதும் அந்த மனிதனுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் சிரித்து மகிழ்ந்த கதை இது. அவனுடைய முதுகு ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது. பெயர் ஏறவில்லை. அவனுக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவன் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கோ ஓரிடத்தில் ஆற்றங்கரையில் நின்று, பூட்டன் பெயர் தெரியாமல் விழித்திருக்கவும் கூடும்.

கண்டி நகரிலும் இதுவே நடந்தது. 1870களில் இங்கு ஸ்டூடியோ வைத்திருந்த சார்ள்ஸ் ஸ்கோவன் முதலியோரின் அழகான படங்கள் உலகின் பல நூதனசாலைகளில் உள்ளன. 'தமிழ்ப் பெண்' என்றும் 'கூலிகள்' என்றும் கீழே எழுதியிருக்கும். மரத்துக்கும் நீர்வீழ்ச்சிக்கும்கூடச் சரியான பெயர் எழுதியவர்கள் மனிதருக்கு வகையை மட்டும் எழுதினார்கள். லூல்கந்துரவில் 1867இல் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தபோது, தோட்டத் தொழிலாளர்களே முறைவைத்து உடலைத் தோளில் சுமந்து மலையிறங்கிக் கண்டிக்குக் கொண்டுவந்தனர். மகியாவை மயானத்தில் அவர் கல்லறையில் பெயரும் வயதும் திகதியும் தெளிவாக இருக்கின்றன. சுமந்து வந்த தோள்களுக்கு உரியவர் யார் யார் என்பது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் செய்த அநியாயம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அநியாயம்தான். பெயர் என்பது இம்மக்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பது அதற்குப் பின்னரே தெரிந்தது. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் பெயர். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தோட்டக் குறியும் தொடரிலக்கமும் பொறித்த தகரத்துண்டு ஒன்றைச் சுமந்து வந்தார்கள். பெயர் இருந்த இடத்தில் இலக்கம்.

பின்பு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டம் கேட்டதைக் கவனித்தால் உடல் சிலிர்க்கும். நாட்டில் பிறந்த ஒருவர் பரம்பரைவழிப் பிரசை எனப்பட வேண்டுமானால் அவர் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன். குருக்கள் கேட்கும் அதே மூவரைத்தான் அரசாங்கமும் கேட்டது. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள், பதிவேட்டில் பெயர் தவறாக விழுந்தவர்கள், ஒரே ஆளுக்கு முத்தையா என்றும் முத்துசாமி என்றும் இரண்டு பெயர் எழுதப்பட்டவர்கள் எல்லாம் பட்ட பாட்டை மூத்தவர்கள் அறிவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறுவதற்கு முன் கடவுச்சீட்டுக்காக எடுத்த படமே பல வீடுகளில் இன்று சுவரில் பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கும் படம். நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனினும் இன்று நமது கையில் பேனா இருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. இன்றைய வீடுகளில் எடுக்கப்படும் ஆயிரக்கணக்கான படங்களில் எத்தனைக்குப் பெயர் எழுதப்படுகிறது? அக்காலத்தில் ஸ்கோவன் எழுதாமல் விட்டதற்கு அவர் நம்மவர் அல்லர் என்ற சமாதானம் உண்டு. பேரன் எழுதாமல் விடுவதற்கு என்ன சமாதானம்? மறந்துபோன பெயர் ஒன்று, எழுதாமல் விட்ட பெயர் வேறொன்று. முன்னது காலத்தின் செயல். பின்னது ஆளின் செயல்.

இங்கே சைவ சித்தாந்தம் அறிந்தவர்கள் ஒரு தடை எழுப்பலாம். பெயரும் உருவும் மாயா காரியமான உடம்பைச் சேர்ந்தவை, ஆன்மா நித்தியம், அது தன் வினைக்கேற்ப அடுத்த உடம்பை எடுத்துவிடுகிறது, விட்டுப்போன உடம்பின் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பது பற்று அல்லவா என்பர். நியாயமான தடைதான். படத்துக்கு முன் நாள்தோறும் விழுந்து அழுதுகொண்டிருப்பதைச் சாத்திரமும் வேண்டவில்லை. துக்கத்துக்கு எட்டு, பதினாறு, முப்பத்தொன்று என்று நாள் வரையறுத்து, அதன்பின் ஆண்டுக்கொரு முறை என்று அடக்கியதே அதற்காகத்தான். ஆனால் தென்புலத்தார்க்குச் செய்வதைப் பற்று என்று பெரியோர் கூறவில்லை. கடன் என்று கூறினர். பற்றை விடலாம். கடனை விட முடியாது. கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன், கொடுத்தவரின் பெயர் தெரியாமல் எந்த வாசலில் போய் நிற்பான்? உருவும் பெயரும் கடந்த இறைவனையே ஆயிரத்தெட்டு நாமம் சொல்லித்தான் அர்ச்சிக்கிறோம். நமக்காக அர்ச்சனை செய்யும்போதும் பெயரும் நட்சத்திரமும் சொல்லாமல் தட்டை நீட்டுவதில்லை. உயிரோடிருப்பவர்க்கு வேண்டியது மறைந்தவர்க்கு மட்டும் வேண்டாமா?

தமிழர்களின் பழைய நடுகல் வழக்கத்தையும் இங்கு சேர்த்து எண்ணலாம். கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்குப் பல படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. வீரனின் உருவத்தோடு அவன் பெயரையும் செயலையும் அக்கல்லில் பொறித்தார்கள். உருவம் மட்டும் போதாது என்பது கமெரா வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்க்குத் தெரிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலுக்கு அப்பெயர் வந்ததும் பொருத்தமே. அதில் படமும் இருக்கும், வம்சாவழியும் இருக்கும். சில கல்வெட்டுகளில் புகழ்ச்சி அளவு மீறிப்போவது உண்மை. ஆனாலும் ஐம்பது ஆண்டு கழித்துக் கொள்ளுப்பேரன் ஒருவன் தேடும்போது அந்த வம்சாவழிப் பக்கமே கைகொடுக்கும். மலையகத்தில் இந்த வழக்கம் வேரூன்றவில்லை. அச்சுக்கூலி கொடுக்க முடியாததே காரணம். பாசம் குறைந்து அல்ல.

இனி, உண்மையாகவே பெயர் தெரியாமற் போனவர்களின் நிலை என்ன? 1820களில் தொடங்கிய கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியிலே காய்ச்சலாலும் பேதியாலும் விழுந்தவர்களுக்குப் படமும் இல்லை, பதிவும் இல்லை. அவர்களையும் நமது கிரியை கைவிடவில்லை. தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தந்தையோ சுற்றமோ நீர் வார்க்க இல்லாத அனைவருக்கும் என்று ஒரு கை நீர் விடுவது விதி. பெயர் சொல்லாமல் விடப்படும் நீர் அது ஒன்றுதான். அதைத் தம் சொந்தப் பாட்டிக்கு விடுவது முறையாகாது. பெயர் கேட்டு எழுதக்கூடியவர்களை அந்தக் கூட்டத்தில் தள்ளிவிடுவது அவர்களை இரண்டாம் முறை அநாதையாக்குவதாகும். 2023ஆம் ஆண்டு மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றதும் ஒருவகையில் அந்தக் கை நீர்தான். கம்பளை பாரதெக்கவில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் லயத்துப் பாத்திரங்களும் கருவிகளும் காக்கப்படுகின்றன. பிள்ளைகளை ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பாரதெக்கவுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்வது நல்லது.

கமரன் அம்மையார் 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்வோர் அங்குள்ள சென். மேரிஸ் தேவாலயத்தில் அவர் அடக்கமான இடத்தைக் காணலாம். அடுத்த ஆண்டு இறந்த கணவரும் அங்கேயே. பெயர்கள் இருக்கின்றன. சுற்றிலும் தேயிலை.

நமது வீடுகளில் செய்ய வேண்டியது பெரிய வேலை அன்று. சுவரில் இருக்கும் படங்களையும் இரும்புப் பெட்டியில் கிடக்கும் படங்களையும் எடுத்து, பின்புறத்தில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தோட்டமும் பிரிவும், இறந்த மாதமும் திதியும் போதும். பெண்களுக்கு 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதிவிடாமல் அவர்களின் சொந்தப் பெயரை எழுத வேண்டும். முதலில் தொலைவது அவர்கள் பெயர்தான். கைத்தொலைபேசிப் படங்களில் முக்கியமானவற்றையேனும் காகிதத்தில் எடுத்து இவ்வாறே செய்யலாம். பெயர் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு, யாரிடம் கேட்டால் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்கப்பட வேண்டியவர்களில் பலர் கொழும்பிலும் நீலகிரியிலும் இருக்கிறார்கள், எண்பதைத் தொட்டவர்கள். திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது படங்களையும் ஆலயத்துக்கு எடுத்து வரலாம். தேர் இருப்புக்கு வந்து, அன்னதானம் முடிந்து, வாகனம் வரும்வரை மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் இதற்குத் தாராளமாகப் போதும்.